சிகிச்சை உறைவிடப் பள்ளியில் சேர்க்கை: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ‘தெரபியூட்டிக் போர்டிங் ஸ்கூல்’ என்று சொல்கிற பள்ளிகளைப் பற்றியது இது. படிப்பில் பின்தங்கிப்போன, 15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான அப்படி ஒரு பள்ளியில், விண்ணப்பங்களைப் படித்துப் பெற்றோரிடம் பேசுகிற வேலையில் சில வருஷம் இருந்தேன். வேலையை விட்ட பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

இது என்ன மாதிரி பள்ளி? சாதாரண ஹாஸ்டல் பள்ளிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கே தெரபி கால அட்டவணைக்குள்ளேயே இருக்கும். கணிதம், ஆங்கிலம், அறிவியல் எல்லாம் உண்டு. அதோடு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை தனி அமர்வு, வாரத்தில் பல நாள் குழு அமர்வு, பெற்றோரோடு வீடியோவில் குடும்ப அமர்வு. வகுப்புகள் சிறியவை. விடுதியில் இரவிலும் விழித்திருக்கும் பணியாளர்கள் இருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தங்குகிறார்கள்.

இன்னொரு பக்கம், ‘ரெசிடென்ஷியல் ட்ரீட்மென்ட் சென்டர்’ என்று ஒன்று இருக்கிறது. அங்கே சிகிச்சைதான் முதல், படிப்பு அதற்கு அப்புறம். நர்ஸும் மனநல மருத்துவரும் மிக அருகில் இருப்பார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை விதிகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

மார்க் குறைஞ்சிருந்தா போதுமா? அதை வச்சே சேர்த்துக்குவாங்களா?

போதாது. பிள்ளையால் என்ன முடியும், இப்போது என்ன செய்கிறான், இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அடுத்தது, அந்தத் தூரம் ஏன் வந்தது என்பது. பேச்சு, ஒழுங்கான நாள், பொறுமையான கற்பித்தல் ஆகியவற்றால் சரியாகக்கூடிய காரணமாக அது இருந்தால் பள்ளி யோசிக்கும்.

மதிப்பெண் பட்டியலை நாங்கள் எப்படிப் படிப்போம் என்று சொன்னால் புரியும். தேர்வில் 90, வீட்டுப்பாடத்தில் பூஜ்யம் என்று இருந்தால், பாடம் தலையில் ஏறுகிறது, வேலையைத் தொடங்கி முடிப்பதில்தான் சிக்கல். கவனக்குறைவுக் கோளாறு, அதாவது ஏடிஹெச்டி இருக்குமோ என்று அங்கே கேட்கத் தோன்றும். முதல் வகுப்பிலிருந்தே வாசிப்பும் எழுத்தும் மட்டும் தடுமாறியிருந்தால் டிஸ்லெக்ஸியா மாதிரி கற்றல் குறைபாடாக இருக்கலாம். எட்டாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை பத்தாம் வகுப்பில் ஒரே பருவத்தில் எல்லாப் பாடத்திலும் விழுந்திருந்தால், அந்த மாதங்களில் ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்று பெற்றோருக்கே தெரியாமல் இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வருகைப் பதிவையும் புரட்டுவோம். திங்கட்கிழமைகளிலும் காலை முதல் பீரியடிலும் மட்டும் ஆள் இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்.

என் பையன் சோம்பேறி, அவ்வளவுதான். இதுக்கு எதுக்குங்க தெரபி?

இந்தச் சொல்லைக் கேட்காத வாரம் எனக்கு இருந்ததில்லை. சொல்கிறவர்கள் கெட்ட பெற்றோர் இல்லை. களைத்துப்போனவர்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதில் அவன் சோம்பேறி இல்லை? இரவு மூன்று மணி வரை ஒரு விளையாட்டுக்கு உத்தி வகுக்கிற பையனிடம் உழைப்பு இருக்கிறது. பள்ளி என்று வந்ததும் அது ஏன் உறைந்துபோகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதின்வயதில் மனச்சோர்வு பல சமயம் அழுகையாக வராது, எரிச்சலாக வரும். பதற்றம் உள்ள பிள்ளை புத்தகத்தைத் திறக்காமலே இருந்துவிடும், ஏனென்றால் திறந்தால் தோற்றுவிடுவோம் என்ற பயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே சோம்பல் மாதிரிதான் தெரியும். விண்ணப்பத்தில் நீங்கள் ‘சோம்பேறி’ என்றே எழுதலாம், யாரும் கோபிக்கப்போவதில்லை. ஆனால் ஒரு சாதாரண நாளில் காலை முதல் இரவு வரை அவன் என்ன செய்கிறான் என்று ஒரு பக்கம் எழுதினால் அதைவிடப் பத்து மடங்கு உதவும்.

வயசு வரம்பு என்ன? அவனுக்கு 17 முடியப்போகுது, லேட் ஆயிடுச்சா?

பள்ளிக்குப் பள்ளி மாறும். 13 முதல் 18 வரை எடுப்பவை உண்டு, பெரிய பிள்ளைகளுக்கென்றே 15 அல்லது 16-க்கு மேல் மட்டும் எடுப்பவையும் உண்டு. வயதில் பெரியவர்கள் என்றால் அந்த இரண்டாம் வகைதான் நல்லது. 17 வயதுப் பையனை 13 வயதுப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் உட்கார வைத்தால் இருவருக்குமே பேச்சு வராது.

17 தாமதம் இல்லை, ஆனால் கணக்குப் போட வேண்டும். சிகிச்சைக்கு ஓராண்டு தேவை, பிறந்தநாளுக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது என்றால் நடுவில் அவன் சட்டப்படி பெரியவன் ஆகிவிடுவான். பெரும்பாலான மாநிலங்களில் அந்த வயது 18. அலபாமாவிலும் நெப்ராஸ்காவிலும் 19, மிசிசிப்பியில் 21. அந்த நாளுக்குப் பிறகு அவன் இருக்க விரும்பினால்தான் இருப்பான். அதனால் 17-ஐத் தாண்டிய பிள்ளைகளிடம் பள்ளிகள் முதலில் பார்ப்பது அவர்களுடைய சொந்த விருப்பத்தை.

என்னென்ன பேப்பர் கேட்பாங்க?

கடைசி இரண்டு மூன்று வருஷ மதிப்பெண் பட்டியல், பள்ளியில் சிறப்புக் கல்வித் திட்டம் போட்டிருந்தால் அது, உளவியல்-கல்வித் திறன் சோதனை அறிக்கை, இதுவரை பார்த்த தெரபிஸ்ட், மருத்துவர் ஆகியோரின் குறிப்புகள், மருந்துப் பட்டியல், தடுப்பூசி விவரம், மருத்துவமனையில் இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் அறிக்கை. பெற்றோர் பிரிந்தவர்கள் என்றால் பிள்ளையின் பொறுப்பு யாரிடம் என்ற நீதிமன்ற உத்தரவும் வேண்டும். இருவருக்கும் முடிவெடுக்கும் உரிமை இருந்தால் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். இது இல்லாமல் கடைசி நாளில் நின்றுபோன சேர்க்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு இப்போதைய தெரபிஸ்டிடம் பள்ளி நேரடியாகப் பேச அனுமதிக் கையெழுத்து கேட்கும். தயங்காமல் கொடுங்கள். அந்த அரைமணி நேரத் தொலைபேசிப் பேச்சில்தான் பெரும்பாலான முடிவுகள் தெளிவாகும்.

ஐக்யூ டெஸ்ட் கட்டாயமா? ஸ்கோர் கம்மியா வந்துட்டா சேர்க்க மாட்டாங்களா?

பல பள்ளிகள் கடைசி இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குள் எடுத்த திறன் சோதனையைக் கேட்கின்றன. வழக்கமாக வெக்ஸ்லர் சோதனைதான். 6 முதல் 16 வயது வரை சிறுவர்களுக்கான வடிவம், 16-லிருந்து பெரியவர்களுக்கான வடிவம். 100 என்பது நடுப்புள்ளி. 90 முதல் 109 வரை சராசரி என்பார்கள். ‘சராசரி அல்லது அதற்கு மேல்’ என்று பள்ளிகள் எழுதுவது இதைத்தான்.

ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் மொத்த எண்ணோடு நிற்க மாட்டார்கள். சொல்வழிப் புரிதல் 125, செயல்வேகம் 85 என்று ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எண் அவளைச் சுமாரான மாணவி என்று காட்டும். உண்மையில் அவளுக்கு எல்லாம் புரிகிறது, கை அந்த வேகத்துக்கு ஓடவில்லை. வகுப்பில் எல்லோரும் எழுதி முடித்தபோது அவள் பாதியில் இருப்பாள். வருஷக்கணக்கில் இப்படியே போனால் எழுதுவதையே விட்டுவிடுவாள். கூடுதல் நேரம், தட்டச்சு என்று சின்னச் சின்ன ஏற்பாடுகள் அவளுக்கு உதவும். இதைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை. வடிகட்டுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

மனச்சோர்வின் அடியில் இருக்கும்போது எடுத்த சோதனையில் செயல்வேகமும் நினைவாற்றலும் குறைந்து வரலாம். அப்படியென்றால் அதைச் சோதனை எடுத்தவரே அறிக்கையில் எழுதியிருப்பார். மொத்த எண் 70-ஐ ஒட்டி இருந்து, அன்றாட வேலைகளிலும் உதவி தேவைப்படுகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு வகைப் பள்ளி வேண்டும். குழுவில் பேசி, யோசித்து, அடுத்த வாரம் அதை நினைவுகூர்ந்து நடக்கிற முறை அவனைத் தினமும் தோற்கடிக்கும். இன்னொன்று: எண் பிடிக்கவில்லை என்று உடனே திரும்ப எடுக்க வைக்காதீர்கள். ஒரே சோதனையைக் குறுகிய காலத்தில் மறுபடி எழுதினால் பழக்கத்தால் எண் ஏறும், அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

யாரை நிச்சயமா எடுக்க மாட்டாங்க?

இப்போது உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்கள், நிஜத்தோடு தொடர்பு அறுந்த மனநிலையில் இருப்பவர்கள், உடல்நிலை கெடும் அளவுக்கு உணவுக் கோளாறு உள்ளவர்கள், மற்றவர்களை அடித்துக் காயப்படுத்திய வரலாறு சமீபத்தில் உள்ளவர்கள், வேண்டுமென்றே தீ வைத்தவர்கள், பிற பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர்கள், திரும்பத் திரும்ப ஓடிப்போகிறவர்கள். போதைக்கு அடிமையாகி, நிறுத்தினால் உடல் தாங்காது என்ற நிலையில் இருப்பவர்களும்.

இதைப் படித்ததும் ‘அப்போ ஈஸியான பிள்ளைங்களை மட்டும் எடுத்துக்கிறாங்களா’ என்று ஒரு அம்மா கோபமாகக் கேட்டார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் முதல் பதிலில் சொன்ன வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே பூட்டிய கதவு இல்லை, 24 மணி நேர மருத்துவர் இல்லை. அந்த நிலையில் உள்ள பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். அவர்களுக்கும் இடம் உண்டு, அது வேறு இடம். அங்கே நிலைமை தேறிய பிறகு இங்கே வந்து நன்றாகப் படித்து முடித்த பிள்ளைகள் நிறைய.

கஞ்சா பிடிக்கிறான். சொல்லணுமா? சொன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களே.

சொல்லுங்கள். கஞ்சா பிடிப்பதாலேயே பெரும்பாலான பள்ளிகள் மறுப்பதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளின் கோப்புகளில் அது மிகச் சாதாரணமாக வரும். எதை, எவ்வளவு, எத்தனை நாளாக, தனியாகவா நண்பர்களோடா என்று கேட்பார்கள். சேர்ந்த அன்றே சிறுநீர்ச் சோதனையும் இருக்கும். அடிக்கடி பிடிப்பவர்களுக்கு வாரக்கணக்கில் தடயம் இருக்கும் என்பதால் மறைத்தாலும் நிற்காது.

மறைப்பதில் நிஜமான ஆபத்து வேறு பொருள்களில்தான். தினமும் மது குடிப்பவர், அல்லது பதற்றத்துக்கான பென்சோடயாசெபின் வகை மாத்திரைகளை இஷ்டத்துக்குச் சாப்பிடுபவர், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். விடுதியில் இருக்கும் பணியாளருக்கு இது தெரியாவிட்டால் முதல் இரவே விபரீதம். அப்படிப்பட்டவர்கள் முதலில் மருத்துவமனையில் நஞ்சுநீக்கம் முடித்துவிட்டு வர வேண்டும்.

போன வருஷம் ஒரு தடவை சாகணும்னு சொன்னா. இப்ப நல்லா இருக்கா. இதையும் எழுதணுமா?

எழுதுங்கள், தேதியோடு. எப்போது சொன்னாள், முயற்சி ஏதும் நடந்ததா, அதற்குப் பிறகு யாரைப் பார்த்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறாள். பழைய எண்ணம் இருந்தது என்பதற்காகக் கதவை மூடும் பள்ளிகள் குறைவு. சமீபத்திய முயற்சி என்றால், சிகிச்சை பெற்று நிலைமை தேறியிருக்கிறாள் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டியிருக்கும்.

இப்போது, இந்த வாரம், அவள் அப்படிப் பேசுகிறாள் என்றால் விண்ணப்பத்தை ஒதுக்கி வையுங்கள். அமெரிக்காவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். இல்லையென்றால் நேராக அவசரப் பிரிவு. பள்ளி காத்திருக்கும்.

மாத்திரை சாப்பிடற பிள்ளையை எடுப்பாங்களா?

எடுப்பார்கள், சாதாரணம்தான். மருந்து மாறி சில வாரமாவது ஆகி நிலையாக இருக்க வேண்டும் என்பார்கள். லித்தியம் மாதிரி இரத்தப் பரிசோதனை தேவைப்படும் மருந்து என்றால் அதற்கான வசதி பக்கத்தில் இருக்கிறதா என்று நீங்கள் கேளுங்கள். சேர்க்கைக்காக மருந்தை நிறுத்திப் பார்க்கும் பரிசோதனை வேண்டாம்.

அவளுக்குப் போக இஷ்டமே இல்லை. அவ ஒத்துக்கணுமா? ராத்திரி ஆள் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

சட்டம் வேறு, சேர்க்கை விதி வேறு. 18 ஆகாத பிள்ளையைப் பெற்றோர் கையெழுத்தில் சேர்க்க முடியும். ஆனால் பெரிய பிள்ளைகளுக்கான நல்ல பள்ளிகள் முழு சம்மதம் இல்லாவிட்டாலும் ஒரு சின்ன விரிசலையாவது தேடும். ‘இப்படியே போனா நல்லா இருக்காதுன்னு தெரியும், ஆனா அங்க போக மாட்டேன்’ என்று ஒரு பெண் சொன்னால் எனக்கு அது போதும். முதல் பாதி அவளிடம் இருக்கிறது.

ராத்திரி விஷயம் உண்மை. பணம் வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் வீட்டுக்கு வந்து, தூக்கத்திலிருக்கும் பிள்ளையை எழுப்பி அழைத்துச் செல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு எதிரானவன். அப்படி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் அவர்கள் குழுவில் பேசியது தங்கள் பிரச்சினையைப் பற்றி அல்ல, அந்த இரவைப் பற்றி. தன் படுக்கையறையில் பாதுகாப்பு இல்லை என்று கற்றுக்கொண்ட பிள்ளையிடம் நம்பிக்கையை மறுபடி கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஆட்களை ஏற்பாடு செய்கிறவர்கள் சொல்வதில்லை.

மாற்று வழி மெதுவானது. இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்த்துத் தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அங்கே படிக்கும் ஒரு மாணவரோடு பேச ஏற்பாடு கேளுங்கள். எந்தெந்த இலக்கை எட்டினால் வீட்டுக்கு வரலாம் என்பதை அவள் முன்னாலேயே பள்ளியிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவு தெரியாத தண்டனை என்று நினைத்துப் பயப்படும் பிள்ளைக்கு ஒரு தேதியும் ஒரு வழியும் பெரிய ஆறுதல்.

நான்தான் அந்தப் பையன். 16 வயசு. இன்டர்வியூல உண்மையைச் சொன்னா எனக்கே ஆப்பு வைக்குமா?

நீ கேட்டது நல்லது, தம்பி. அந்தப் பேச்சில் உன்னிடம் மூன்று விஷயம் பார்ப்பார்கள். என்ன தப்பாகப் போகிறது என்று உன் வார்த்தையில் சொல்ல முடிகிறதா. எதிரில் இருப்பவரோடு கொஞ்ச நேரமாவது பேச முடிகிறதா. அங்கே ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளுக்கு உன்னாலோ, உனக்கு அவர்களாலோ ஆபத்து உண்டா. ‘எனக்கு எதுவும் பிடிக்கலை, பள்ளியும் பிடிக்கலை’ என்று சொன்னால் யாரும் உன்னைத் தள்ளிவிட மாட்டார்கள். மனப்பாடம் செய்த பதில்தான் எங்களுக்கு உதவாது.

நீயும் கேள்வி கேள். வீட்டுக்கு எப்போது போன் பேசலாம், யாரும் ஒட்டுக்கேட்காமல் பேச முடியுமா, விதியை மீறினால் என்ன ஆகும், தனியறையில் அடைப்பார்களா, உன் தெரபிஸ்டைப் பிடிக்காவிட்டால் மாற்றலாமா. பதில் சொல்லத் தடுமாறினால் அப்பா அம்மாவிடம் சொல்.

எங்களையும் சோதிக்கிறாங்க. பிரச்சினை பிள்ளைக்கா எங்களுக்கா?

குடும்பமும் சேர்க்கையின் ஒரு பகுதிதான். வாராந்தர அமர்வுக்கு இருவரும் வருவீர்களா, சில மாதங்களுக்கு ஒருமுறை பள்ளிக்கே வந்து இரண்டு மூன்று நாள் தங்குவீர்களா, வீட்டில் சில பழக்கங்களை மாற்றச் சொன்னால் மாற்றுவீர்களா என்று கேட்பார்கள். பழி போடுவதற்காக இல்லை. பிள்ளை திரும்பி வரப்போவது அதே வீட்டுக்கு. ‘நீங்க சரிபண்ணி அனுப்புங்க’ என்று சொல்லும் பெற்றோரின் விண்ணப்பத்தை நாங்கள் தயக்கத்தோடுதான் எடுத்தோம். அந்தத் தயக்கம் பல முறை சரியாகவே இருந்தது.

எல்லாரையும் சேர்த்துக்கிற பள்ளி ஒண்ணு கிடைச்சுது. ஒரே நாள்ல சீட். நல்லதுதானே?

இல்லை. இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன். கோப்பைப் படிக்காமல், தெரபிஸ்டிடம் பேசாமல், பிள்ளையைப் பார்க்காமல் சேர்த்துக்கொள்கிற இடம் யாரோடு யாரைத் தங்கவைக்கிறது என்றே யோசிக்கவில்லை. உங்கள் பிள்ளையின் அறைத் தோழரையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள். மேலே ‘யாரை எடுக்க மாட்டாங்க’ என்ற கேள்வியில் சொன்ன பட்டியல் அங்கே கிடையாது என்று அர்த்தம்.

இந்தத் துறைக்கு ஒரு இருண்ட வரலாறு இருக்கிறது, பெற்றோர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1958-இல் கலிஃபோர்னியாவில் போதை மீட்புக்காகத் தொடங்கிய சினனான் என்ற அமைப்பு, ஒருவரை நடுவில் உட்காரவைத்துக் குழுவே சத்தம்போட்டுத் தாக்கும் முறையைச் சிகிச்சை என்று சொன்னது. அதன் பாணியை எடுத்துக்கொண்டு 1967-இல் சீடூ என்ற பள்ளி வந்தது. அதிலிருந்து பல கிளைகள். 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, பதின்வயதினருக்கான தங்கும் மையங்களில் ஆயிரக்கணக்கான கொடுமைப் புகார்கள் இருப்பதாகச் சொல்லி, பத்து மரணங்களை விரிவாக ஆராய்ந்தது. அப்படி ஒரு பள்ளியில் தான் பட்டதைத் தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் வெளியே சொன்ன பிறகு, 2021-இல் யூட்டா மாநிலம் சட்டத்தை இறுக்கியது. ஆண்டுக்கு நான்கு ஆய்வுகள், பிள்ளை குடும்பத்தோடு வாரம் ஒருமுறை ரகசியமாகப் பேசும் உரிமை என்று அதில் வந்தன. 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான ஒரு சட்டம் கையெழுத்தானது. அது பெரும்பாலும் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தரச் சொல்கிற சட்டம்தான். உரிமம், ஆய்வு எல்லாம் இன்னும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

அதனால் சேர்ப்பதற்கு முன் மாநில உரிமத் துறையில் அந்தப் பள்ளி மீதான ஆய்வு அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கல்விக்கு காக்னியா போன்ற அங்கீகாரம், சிகிச்சைக்கு ஜாயின்ட் கமிஷன் போன்ற அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள். தெரபிஸ்டுகளுக்கு மாநில உரிமம் உண்டா என்று பெயர் போட்டுச் சரிபார்க்கலாம். பள்ளியைப் பரிந்துரைத்த ஆலோசகர் அங்கிருந்து ஏதாவது கமிஷன் வாங்குகிறாரா என்று நேரடியாகவே கேளுங்கள். முதல் சில வாரம் பெற்றோரோடு பேசவே விடமாட்டோம் என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம்.

செலவைப் பள்ளி மாவட்டம் ஏத்துக்குமா?

சில குடும்பங்களுக்குக் கிடைக்கும், எளிதாகக் கிடைக்காது. 1975-இல் வந்து இப்போது ‘ஐடியா’ என்று அழைக்கப்படும் சட்டப்படி, குறைபாடுள்ள பிள்ளைக்குத் தகுந்த கல்வியை இலவசமாகத் தர வேண்டியது பொதுப்பள்ளியின், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டத்தின் கடமை. அது தரத் தவறி, பெற்றோர் தனியார் பள்ளியில் சேர்த்து, அந்தப் பள்ளி பொருத்தமானது என்று நிரூபித்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2009-இல் ஃபாரஸ்ட் குரோவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை அதற்கு முன் சிறப்புக் கல்வியே பெறாவிட்டாலும் கேட்க உரிமை உண்டு என்றது.

ஆனால் அந்தக் கதையின் மிச்சத்தை யாரும் சொல்வதில்லை. வழக்கு கீழே திரும்பிப் போனபோது குடும்பத்துக்குப் பணம் கிடைக்கவில்லை. பையனை உறைவிடப் பள்ளியில் சேர்த்தது ஏடிஹெச்டிக்காக இல்லை, போதைப் பழக்கத்துக்காகவும் நடத்தைக்காகவும்தான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சேர்க்கை விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் காரணம் பின்னால் சாட்சியமாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. உண்மையை எழுதுங்கள், கல்விச் சிக்கலையும் விட்டுவிடாமல் முழுதாக எழுதுங்கள். பொதுப்பள்ளியிலிருந்து எடுப்பதற்குக் குறைந்தது 10 வேலை நாள் முன்பு எழுத்தில் அறிவிப்பதும் முக்கியம். இதற்கென்றே இருக்கும் சிறப்புக் கல்வி வழக்கறிஞரை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மருத்துவர் பரிந்துரையில், சிகிச்சைதான் முதன்மைக் காரணம் என்றால், வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்ட இடமுண்டு. சரிசெய்யப்பட்ட வருமானத்தில், அதாவது சில கழிவுகள் போன மொத்த வருமானத்தில், 7.5 சதவீதத்துக்கு மேல் போகும் பகுதிக்குத்தான் அது.

18 ஆயிடுச்சுன்னா அவனா கையெழுத்து போட்டா போதுமா? எங்களுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

பொதுவாக, வயதுக் கேள்வியில் சொன்ன நாள் வந்ததும் மருத்துவ ரகசியம் அவனுடையது. 18 ஆனதும் பள்ளிப் பதிவுகள் மீதான உரிமையும் அவனிடம் போகும். நீங்கள் கட்டணம் கட்டினாலும், அவன் அனுமதித்தால்தான் தெரபிஸ்ட் உங்களிடம் விவரம் பேசுவார். நல்ல பள்ளிகள் பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்பே இதைக் குடும்ப அமர்வில் எடுத்துப் பேசி, எதைப் பகிரலாம் என்று அவனையே எழுதவைக்கும். 18-ஐத் தாண்டி, தானே வந்து விண்ணப்பித்த பிள்ளைகளைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களை யாரும் தள்ளிக்கொண்டு வரவில்லை.

மறுத்துட்டாங்க. இனி என்ன?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘இப்போதைக்கு இல்லை’ என்பதும் ‘இந்தப் பள்ளி இல்லை’ என்பதும் வேறு வேறு. முதலாவது என்றால், எது மாறினால் மறுபடி பார்ப்பார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள்: மூன்று மாதம் போதையில்லாமல் இருப்பதா, மருந்து நிலைப்படுவதா, புதிய சோதனை அறிக்கையா. இரண்டாவது என்றால், அவர்களே பொருத்தமான இடங்களைப் பரிந்துரைக்க வேண்டும். எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு மாற்றுப் பெயராவது சொல்லாமல் மறுப்புத் தொலைபேசியை முடிக்கக் கூடாது. நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சேர்த்த பிறகு ரெண்டு மாசத்துல திருப்பி அனுப்பிட்டா?

நடக்கும். பெரும்பாலும் விண்ணப்பத்தில் வராத ஒன்று வெளியே வரும்போது. கஞ்சா கேள்வியிலும் அதற்கடுத்த கேள்வியிலும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் என்று நான் வற்புறுத்தியது இதனால்தான். அரைப் பருவத்தில் வெளியே வரும் பிள்ளை, இதிலும் தோற்றுவிட்டோம் என்று நினைப்பான். அதோடு, முடித்த பாடங்களுக்குச் சேரும் கிரெடிட் கணக்கும் பாதியில் நிற்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள். எந்தக் காரணத்துக்கு வெளியேற்றலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும், அடுத்த இடம் கிடைக்கும்வரை பிள்ளை அங்கேயே பாதுகாப்பாக இருக்க முடியுமா. கடைசியில் சொன்னது பல ஒப்பந்தங்களில் இருக்காது. தனித்தாளில் எழுதி, தேதி போட்டு, சேர்க்கை இயக்குநரின் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.